தொட்டு ஆற்றிய கைகள்

காவிரி தமிழ் மண்ணில் இறங்கும் ஒகேனக்கலுக்கு வருவோர், எண்ணெய் தேய்த்து அருவியில் நீராடுவதை உடற்பிணி போக்கும் மருந்தெனவே கருதுகின்றனர். ஆயினும் அருவி நீரால் தீராத நோய் வந்துற்றபோது நம் வட்டார மக்கள் நாடிச் சென்ற இடங்களுள் ஒன்று, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகும். அதன் வரலாற்றை நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எழுத முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. நோயாளியின் கையைப் பற்றி நாடி பார்ப்பதில் மருத்துவம் தொடங்குகிறது. அக்கையைத் தொட மறுப்பதில் தீண்டாமை தொடங்குகிறது. ஆகவே, மருத்துவமனையின் வரலாறு நம் வரலாறுமாகும்.

தொட மறுத்த மருத்துவம் எத்தகையது என்பதற்கு அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி ஒன்று போதும். கத்தியவார்ப் பகுதியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாள்களில் நோயுற்றார். சேரிக்குள் நுழையமாட்டேன் என்ற நிபந்தனையோடு மருத்துவர் வந்தார். பச்சிளங் குழந்தையோடு அத்தாயைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தனர். வெப்பமானியை மருத்துவர் ஓர் இசுலாமியரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவியிடம் கொடுத்தார். திரும்பியதும் அவ்வழியே. கட்டணமாக இரண்டு ரூபாயை மட்டும் தயங்காது பெற்றுக்கொண்டார். அத்தாய் பிழைக்கவில்லை. இம்மடல் 1929 திசம்பரில் காந்தியடிகளின் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தது.

இனி, வேலூருக்கு வருவோம். 1870 திசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர்தம் பாட்டனார் சான் ஸ்கடர் 1819 இல் இலங்கைக்கு வந்து தொண்டாற்றிய அமெரிக்க மருத்துவர். குடும்ப மரபைத் தொடர ஐடா முதலில் விரும்பவில்லை. திண்டிவனத்தில் ஓரிரவு மூவர் அடுத்தடுத்து வந்து, பிள்ளைப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காக்க வேண்டினர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் உயர்சாதி இந்து. ஆண் மருத்துவரான அவர்தம் தந்தை தொடுவதற்கு அவர்கள் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். தொடாமை என்னும் நஞ்சு, அதனைப் போற்றி வளர்த்த இல்லங்களையும் விட்டுவைக்கவில்லை என்பதை நாம் இங்கு உணர்தல் வேண்டும்.

அவ்விரவே ஐடாவின் மனத்தை மாற்றியது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899 இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900 இல் வேலூருக்குத் திரும்பினார். தந்தையார் இல்லத்தில் ஒரே படுக்கையுடன் பணி தொடங்கிற்று. 1902 இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் செல் மருத்துவமனை எழுந்தது. வர இயலாதாரை நாடித் தாமே செல்லவும் அவர் துணிந்தார். முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர்க் காரிலும் குடியாத்தம் சாலை வழியே சென்று, மர நிழல்களில் காத்திருந்த ஏழை எளியோரின் புண்களைக் கழுவிக் கட்டினார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அஃது ஓர் அம்மையாரின் அறச்செயலாக முடிந்திருக்கும். இரு கைகளால் எத்தனை பேரைத் தொட முடியும் என அவர் எண்ணினார். 1909 இல் செவிலியர் பள்ளியும், 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. பெண்கள் படிக்க வருவார்களா என ஐயுற்றோர் வியக்குமாறு முதலாண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். 1948 இல் பால் பிராண்டு என்னும் மருத்துவர், உலகமே தொட அஞ்சிய தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். 1955 இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் உருவாயிற்று. 1960 இல் ஐடா அம்மையார் மறைந்தார். அவர் நட்ட மரமோ இன்றும் நிழல் தருகிறது.

நன்றியோடு நினைக்கும் நாம் ஓர் உண்மையை மறைத்தலாகாது. நோயாளியாய்ச் செல்வோர்க்குத் திறந்த மருத்துவமனைக் கதவு ஒன்று; மருத்துவராய் நுழைவோர்க்குரிய கல்லூரிக் கதவு வேறொன்று. இரண்டாவதன் திறவுகோல் பள்ளிக் கல்வியாகும். 1918 இல் விண்ணப்பம் எழுதுவதற்கே பள்ளிப் படிப்பு முடித்திருத்தல் வேண்டும். அந்நாளில் நம் சேரிப் பெண்களுள் பள்ளி வாயிலைக் கண்டோர் எத்தனை பேர்? படுக்கையில் இடம் கிடைத்தவர்க்குப் பாடசாலையில் இடம் கிடைக்காமற்போனது மருத்துவமனை மட்டுமே தீர்க்கக்கூடிய நோயன்று. அந்நோய்க்கு மருந்து தேடியே நம்மைப் போன்ற கல்விச் சங்கங்கள் பிறந்தன.

தம்பியரே, தங்கையரே! இன்று காலம் மாறியுள்ளது. தருமபுரியிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இட ஒதுக்கீடு என்னும் உரிமையை நம் முன்னோர் போராடிப் பெற்றுத் தந்துள்ளனர். கத்தியவாரில் வெப்பமானி கைமாறிக் கைமாறி வந்த அந்நாளை மறவாதீர். நாளை அவ்வெப்பமானி உங்கள் கையில் இருத்தல் வேண்டும். அப்போது உங்கள் முன் வந்து நிற்பவர் எவராயினும், ஊராயினும் சேரியாயினும், தயங்காது தொடுங்கள். நம்மைத் தொட மறுத்த உலகிற்கு நாம் அளிக்கத்தக்க விடை அதுவேயாகும்.