இல்லறச் செட்டும் வெளுப்புத் தொழிலும்

இல்லறத்தைச் செவ்வனே நடத்துதற்கு வருவாய்ப் பெருக்கத்தினும் செலவுச் செட்டே சிறந்த துணையாமென்பது நம் முன்னோர் கண்ட முடிபு. செட்டென்பது உலோபமன்று, பொருளையும் உழைப்பையும் வீணாக்காது பயன்கொள்ளும் அறிவே செட்டாம். அவ்வறிவு நாடோறும் வேண்டப்படும் வீட்டு வேலைகளுள் ஆடை வெளுத்தல் ஒன்று. பொருநைக் கரையில், சுலோசன முதலியார் பாலத்தை அடுத்துள்ள நம் வண்ணார்பேட்டை இத்தொழிலைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. ஆதலின் அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்தல் சங்கத்து அன்பர்கட்கும், சிறப்பாக நம் தாய்மார்க்கும் பயனுடைத்தாகுமென எண்ணுகின்றோம்.

வெளுப்புத் தொழில் தமிழகத்தில் மிகப் பழைமையானது. புறநானூற்று 311ஆம் செய்யுளில், களர் நிலத்துத் தோண்டிய கூவலின் நீரால் நாடோறும் ஆடை வெளுக்கும் பெண்ணொருத்தி கூறப்படுகின்றாள். நெடுநல்வாடையிலோ கஞ்சியிட்ட தூய ஆடை விரித்த படுக்கை பேசப்படுகின்றது. களர்நீரைத் தேர்ந்தது அறியாமையான் அன்று. உவர்மண்ணிற் சலவைச் சோடா கலந்துள்ளது. அஃது ஆடையிற் பற்றிய எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்து அகற்றும். இவ்வுண்மையை இரசாயன நூல் விளக்குதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே நம்மவர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

வெள்ளாவி வைக்கும் முறையும் அத்தகையதே. உவர்மண் கரைத்த நீரில் ஆடைகளைத் தோய்த்துப் பிழிந்து, நீர் கொதிக்கும் தாழியின்மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடிந்தபின் ஆற்றில் அலசி, மணற்பரப்பில் வெயிலில் உலர்த்துவர். காரம் அழுக்கைக் கரைக்க, ஆவி அதனை நெகிழ்க்க, ஞாயிற்றின் ஒளி வெண்மை தர, ஆடை புதுப்பொலிவு பெறும். இன்னார் துணி இன்னதென அறியச் சேங்கொட்டைச் சாற்றாற் குறியிடுவர். அக்குறி எத்துணை முறை துவைப்பினும் போகாது. காரம் பட்டாற் கெடும் பட்டாடைக்குப் பூந்திக்கொட்டை நுரையே ஏற்றது. விறைப்பிற்குச் சோறு வடித்த கஞ்சி போதும். இவற்றுள் ஒன்றேனும் அயல்நாட்டிலிருந்து வரவேண்டுவதன்று என்பதை நோக்குக.

இனி, இத்துணைப் பயனுடைய தொழிலைச் செய்தாரை நாம் எங்ஙனம் நடத்தினோம் என்பதையும் மறைக்காது கூறல் வேண்டும். அறுவடைக் காலத்துச் சிறிது நெல்லும், அந்தியில் வீடுதோறும் எடுக்கும் சோறுமே பல்லூர்களிலும் அவர்க்குக் கிடைத்த கூலி. தாழ்த்தப்பட்ட மக்களின் ஆடைகளை வெளுத்த புதிரை வண்ணாரின் நிலை இன்னும் கொடியது. அவர்களைக் கண்ணாற் காண்பதே தீட்டெனக் கருதப்பட்டமையின், பகலில் வெளிவரவியலாது நள்ளிரவிற்கும் விடியலுக்கும் இடையே அவர்கள் தொழில் செய்து வந்தனர் என்று, நம் திருநெல்வேலி ஜில்லாவைக் குறித்துத் தக்கர் பாபா கண்டறிந்த செய்தி 1932ஆம் ஆண்டு டிசம்பரில் ‘இந்து’ நாளிதழில் வெளிவந்தது. அழுக்கை உண்டாக்கினவர் தூயர். அதனைப் போக்கினவர் தீண்டத்தகாதவர்! இதனினும் தலைகீழான நியாயம் உண்டோ? அவர்களுக்கென ஒரு நல வாரியம் தமிழ்நாட்டில் அமைந்தது 2009ஆம் ஆண்டிலேதான். பிறர் உழைப்பைக் கூலியின்றிக் கொள்வது செட்டாகாது, அது களவின்பாற்படும்.

இவ்விடத்துக் காந்தியடிகளின் வாழ்க்கையில் நிகழ்ந்ததொன்று நினைக்கற்பாலது. 1890-களின் பிற்பகுதியில் அவர் நேட்டால் நாட்டு டர்பன் நகரில் வழக்கறிஞராயிருந்தார். அங்கே சலவைச் செலவு மிகுதி. ஒரு கழுத்துப்பட்டியை வெளுக்கும் கூலி ஏறக்குறைய அதன் விலையளவே இருந்தது. வெளுப்போர் குறித்த நாளில் ஆடை கொணர்வதும் அரிது. ஆகவே அவர் சலவைக் கருவிகளை வாங்கினார். சலவைக் கலை பற்றிய நூலொன்றைப் பயின்று, தாமும் கற்று, கஸ்தூரிபாய்க்கும் கற்பித்தார். முதன்முதல் தாமே வெளுத்த கழுத்துப்பட்டியிற் கஞ்சி மிகுந்துவிட்டது. பெட்டியும் போதிய சூடேறவில்லை. அதனை அணிந்து நீதிமன்றஞ் சென்றபோது கஞ்சி உதிர, உடனிருந்த வழக்கறிஞர் நகைத்தனர். அவரோ சிறிதும் நாணாராய்த் தொழிலைத் திருந்தக் கற்றார். பின்னாளில் கோகலே தென்னாப்பிரிக்கா வந்தபோது, ரானடே அவருக்களித்த அருமையான மேலாடையைத் தம் கையாலேயே பெட்டிபோட்டுக் கொடுத்து அவரது மெச்சுதலையும் பெற்றார். செலவைக் குறைக்கத் தொடங்கிய முயற்சி, எத்தொழிலும் இழிவன்றென்னும் தெளிவிற்கு அவரைக் கொண்டு சென்றது.

பின்னர் உவர்மண்ணின் இடத்தைச் சவுக்காரக் கட்டி பற்றியது. 1959இல் ‘சர்ஃப்’ என்னும் சலவைத்தூள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 1969இல் தொடங்கிய ‘நிர்மா’ குறைந்த விலையால் ஏழையர் இல்லத்தும் புகுந்தது. இவற்றால் வேலை எளிதாயிற்று. ஆனால் வேண்டும் அளவை அறிந்திடும் வழக்கம் அருகிற்று. நுரை மிகுந்தால் வெண்மை மிகுமென்பது பொய். மிகையான தூள் ஆடையிற் படிந்து நூலை நைவிப்பதோடு, அலசும் நீரையும் இருமடங்காக்கும். அந்நீர் சென்று சேர்வது பொதிகையிற் பிறந்து நம்மை வளர்க்கும் தாமிரவருணியையன்றோ?

ஆதலின் தாய்மார்கள் சில எளிய முறைகளைக் கைக்கொள்வாராக. துணியை முதலில் வெறுநீரில் ஊறவைத்தால் பாதி அழுக்கு அதிலேயே நீங்கும். இரும்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தல் நன்று. தேய்ந்த சவுக்காரத் துண்டுகளைச் சேர்த்து வெந்நீரிற் கரைத்தால் தரைத்துணிகளைத் துவைக்க ஆகும். நைந்த வேட்டியைக் குழந்தைக்குத் தூளியாக்கலாம். தூளியும் நைந்தபின் கைத்துணியாக்கலாம். கடைசியில் அலசிய தெளிநீர் முற்றந் தெளிக்கப் பயன்படும். இவ்வேலைகளைப் பெண்மக்கள்மீதே சுமத்தாது, ஆண்பிள்ளைகட்கும் பத்து வயதிலேயே தம் சட்டையைத் தாமே துவைக்கக் கற்பித்தல் வேண்டும்.

பிறர் வெளுத்துத் தருவாராயின், அவர்க்குரிய கூலியைப் பேரம் பேசாது குறித்த நாளில் ஈந்து, முதியோராயின் அண்ணாச்சி என்றோ ஆச்சி என்றோ மதிப்புடன் அழைத்தல் நம் கடன். ஆடையின் அழுக்கு நீரால் நீங்கும். தொழிலாளரை இழித்து நோக்கும் மனத்தின் அழுக்கு நம் ஒழுக்கத்தாலன்றி நீங்காது. இவ்விரண்டையும் நம் இல்லங்களிலிருந்து ஒருங்கே போக்க முயல்வோமாக.