வாய்ப்புற்றும் டி.என்.ஏ. பழுதுநீக்க மரபணுக்களின் முடக்கமும்

வாய், தொண்டை, குரல்வளை ஆகியவற்றின் உட்சவ்வில் தோன்றும் புற்றுகள் தலை–கழுத்துப் புற்றுகள் எனப்படும். இந்தியாவில் இவற்றுள் முதன்மையானது வாய்ப்புற்று. அதிலும் கன்னத்தின் உட்புறமும் ஈறும் சேருமிடம் அடிக்கடி பாதிக்கப்படுகிறது. வெற்றிலை, சீவல், சுண்ணாம்போடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் இடமும் அதுவே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நெடுங்காலமாகச் சிகிச்சையளித்துவரும் நோய் இது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை புகையிலை கலந்த தாம்பூலத்தை 1985-இலும், புகையிலையற்ற தாம்பூலத்தையும் வெறும் பாக்கையும் 2004-இலும் புற்றூக்கிகளாக அறிவித்தது. புகையிலையை விட்டுவிட்டோம், பாக்கு மட்டும்தானே என்போருக்கு இதில் ஆறுதல் இல்லை.

இந்தப் பொருள்கள் டி.என்.ஏ.யைக் கெடுக்கின்றன என்பதோடு விளக்கம் முடிந்துவிடாது. செல் அன்றாடம் கெடுவதும் தன்னைச் சரிசெய்துகொள்வதும் இயல்பு. சரிசெய்யும் வழி ஏன் தவறியது என்பதே கேள்வி. புகையிலையிலும் பாக்கிலும் இருந்து உருவாகும் நைட்ரோசமீன்கள் குவானின் மீது மெத்தில் குழுவை ஒட்டுகின்றன. அந்தக் குவானின், நகலெடுக்கும்போது சைட்டோசினை விட்டுத் தைமினோடு இணைய, அடுத்த நகலில் அங்கே அடினின் அமர்ந்துவிடுகிறது. இதைத் தடுக்கும் எம்ஜிஎம்டி புரதம், ஒட்டிய குழுவைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தானும் செயலிழக்கும். ஒரு பழுதுக்கு ஒரு புரதம் வேண்டும். சில கட்டிகளில் இந்தப் புரதத்துக்கான மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்திலேற்றம் நிகழ்ந்து, எழுத்து ஒன்றும் மாறாமலே அது முடங்கிக்கிடக்கிறது. டி.என்.ஏ. இழைகளின் குறுக்குப் பிணைப்பை அவிழ்க்கும் ஃபான்கோனி வழித்தடத்தின் எஃப்ஏஎன்சிஎஃப் மரபணுவும் சிலவற்றில் இப்படி முடங்குகிறது. அந்த வழித்தடம் பிறவியிலேயே பழுதான ஃபான்கோனி சோகை நோயாளிகளுக்குத் தலை–கழுத்துப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு அதிகம். பழுதுநீக்கம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

மெத்திலேற்றம் காரணமன்று, கட்டி முற்றியபின் நேரும் விளைவே என்பர் சிலர். ஆனால் புற்றாகுமுன் தோன்றும் வெண்படலங்களிலும் எம்ஜிஎம்டி மெத்திலேற்றம் காணப்பட்டுள்ளது. ஆகவே எல்லாவற்றையும் பின்விளைவு என்று தள்ள முடியாது. இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகுதித் திட்டம் 279 தலை–கழுத்துக் கட்டிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, புகைப்பழக்கத்தால் வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும், கெட்ட செல்லைச் சாகச்செய்யும் டிபி53 மரபணு செயலிழந்திருந்தது. மரபணுத்தொகுதியின் நிலைகுலைவுக்கு அதுவே போதாதா? பெருங்குடல் புற்றில் எம்எல்எச்1 என்ற பழுதுநீக்க மரபணுவின் முடக்கம் உண்டாக்கும், டி.என்.ஏ.யின் குறுந்தொடர்கள் நீளம் மாறும் நுண்துணைக்கோள் நிலைகுலைவும் வாயில் அரிது. அந்த மாதிரியை அப்படியே இங்கே பொருத்துவது பிழை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் டிபி53 இழப்பு, கெட்ட செல்லைச் சாகாமல் விடுகிறது. கேடு எங்கிருந்து குவிகிறது என்பதை அது மட்டும் விளக்குவதில்லை. டிபி53 மரபணுவின் மாற்றங்களே கூடச் சரிசெய்யப்படாத பழுதுகளிலிருந்து பிறந்தவையாக இருக்கலாம்.

பழுதுநீக்கத்தின் இந்தக் குறைபாட்டால் சிகிச்சையில் ஓர் ஆதாயமும் உண்டு. கதிர்வீச்சு டி.என்.ஏ. இழைகளை முறிக்கிறது, சிஸ்பிளாட்டின் இழைகளைப் பிணைக்கிறது. ஃபான்கோனி வழித்தடம் முடங்கிய செல்லால் அந்தப் பிணைப்பை எளிதில் அவிழ்க்க முடியாது. 1970-களில் அடையாற்றில் டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சோடு சேர்த்துச் சோதித்த பிளியோமைசின் மருந்தும் இழை முறிப்பதே. ஆனால் மெத்திலேற்றம் மீளக்கூடியது. மெத்தில் நீங்கினால் மரபணு மீண்டும் விழித்து, மருந்துக்கு அடங்காத செல்களை உருவாக்கும். எனவே ஒரு கட்டியைத் தொடக்கத்தில் ஒருமுறை சோதித்த முடிவை வைத்து நெடுநாள் சிகிச்சையைத் தீர்மானிப்பது சரியாகாது.