541 கேள்விகளில் 30

அமெரிக்க நர்சிங் ஹோம்களில் ஒரு விதி உண்டு. அங்கே இருக்கும் ஒருவரின் உடம்பு, தானாகத் தேறாது என்ற அளவுக்கு இறங்கிவிட்டது தெரிந்தால், 14 நாளுக்குள் அவரை முழுசாக மறுபடி பரிசோதித்து மதிப்பிட வேண்டும். கவனிப்புத் திட்டத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

இதற்கு விதை போட்டது ஒரு வழக்கு. கொலராடோவில் மைக்கேல் ஸ்மித் என்ற நோயாளி, இல்லத்தில் ஒழுங்கான கவனிப்பு இல்லை என்று 1975இல் கோர்ட்டுக்குப் போனார். அரசு சோதனை போடாமல் இல்லை. இன்ஸ்பெக்டர்கள் கையில் 541 கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. அதில் நோயாளியின் கவனிப்பை ஓரளவாவது தொட்டவை 30தான்! இந்த இல்லத்தால் கவனிக்க முடியுமா என்று படிவம் கேட்டது. கவனிக்கிறார்களா என்று கேட்கவில்லை.

பணம் கொடுக்கும் அரசுக்கு அதைக் கேட்கும் கடமை உண்டு என்று 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கேட்க ஸ்மித் உயிரோடு இல்லை. 1987 டிசம்பரில் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. பிறகு நாடு முழுக்க ஒரே மதிப்பீட்டுப் படிவமும் வந்தது.

விதியில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். சளிக்காய்ச்சல் என்றால் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் தானாக நடந்தவரை இன்று ஆள் தாங்க வேண்டியிருக்கிறது, மாதத்தில் எடையும் 5 சதவீதம் போய்விட்டது என்று இரண்டு சேர்ந்தால் சாக்குச் சொல்ல முடியாது. 50 கிலோ பாட்டிக்கு அது இரண்டரை கிலோ.

இங்கே புதுச்சேரியில், தவளக்குப்பத்தில் கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு முதியோர் இல்லம். அங்கே வேலை பார்க்கும் அக்கா சொன்னார்: "ஆயா மூணு நாளா இட்லிய பிட்டு வெச்சிட்டு எழுந்துக்குது சார். புடவை இடுப்புல நிக்கல." பசியும் எடையும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. அதை எழுதிவைக்க அங்கே இடம் இல்லை. நோட்டில் சாப்பாடு போட்டவர் பெயர், தேதி, பிறந்தநாளா திதியா என்பதெல்லாம் இருந்தது.

இந்தியாவில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. அவற்றின் மருத்துவக் கவனிப்புக்குத் தரம் வகுக்கும் அதிகாரத்தையும் அதே பிரிவு மாநில அரசுக்குக் கொடுக்கிறது. உடம்பு இறங்கினால் மறுபடி பார் என்ற வரியை அங்கே சேர்க்கப் புதுச்சேரிக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.