‘சாம்பியன்’ என்னும் சொல்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இருப்புப்பாதையில் உரிகம் நிலையத்தை அடுத்து வருவது சாம்பியன். பந்தயத்தில் வென்றவனுக்கு உலகம் வழங்கும் பட்டமும் அதுவே. ஊருக்கும் வீரனுக்கும் ஒரே பெயர் அமைந்தது எங்ஙனம்? அதனை ஈண்டு ஆராய்வோம்.

இச்சொல்லை ஆங்கிலேயர் பிரெஞ்சு மொழியிலிருந்து கடன் கொண்டனர். பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் இலத்தீன் மொழியின் ‘காம்புஸ்’ என்பதாகும். வயல், வெளி என்பன அதன் பொருள். உரோமாபுரியில் படைவீரர் பயின்ற வெளி, போர்த்தெய்வமாகிய மார்ஸ் பெயரால் ‘காம்புஸ் மார்ட்டியுஸ்’ எனப்பட்டது. வெளி போர்க்களமாயிற்று, களத்தில் நின்று பொருபவன் ‘காம்பியோ’ ஆனான். தமிழர்க்கு இது வியப்பன்று. நெல்லடிக்கும் இடமும் நமக்குக் களம். வாளோச்சும் இடமும் களமே.

இவ்வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பல. படை தங்கும் ‘கேம்ப்’, கல்லூரி வளாகமாகிய ‘கேம்பஸ்’, பிரான்சின் திராட்சை மது பிறக்கும் ‘ஷாம்பெயின்’ நாடு ஆகிய யாவும் உடன்பிறப்புகள். ஜெர்மானியர் போரைக் ‘காம்ப்ஃப்’ என்பதும் இவ்வேரின் வழியதே. இத்தாலியரோ வெற்றி வீரனையும், கடையில் காட்டும் மாதிரிச் சரக்கையும் ‘காம்பியோனே’ என்ற ஒரே சொல்லால் குறிப்பர்.

இடைக்கால ஐரோப்பாவில் வழக்குகளைப் போரிட்டுத் தீர்க்கும் முறை இருந்தது. பெண்டிரும், முதியோரும், துறவியரும் தமக்காகப் போரிட ஒருவனை நிறுத்தலாம். அவனே ‘சாம்பியன்’. ஆகவே வென்றவன் என்பது பின்னாளில் வந்த பொருள்; பிறர்க்காகக் களம் புகுபவன் என்பது பழம்பொருள். இம்முறையை இங்கிலாந்து 1819இல் சட்டத்தால் ஒழித்தது.

நிற்க. இங்கிலாந்தின் கார்ன்வால் நாட்டுச் சுரங்கத்தார், பல தாதுநரம்புகளுள் தலையாயதைச் ‘சாம்பியன்’ என்பது வழக்கம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே தொழில் தொடங்கியபின் அவர்கள் பலர் வந்தனர். கோலாரின் பொன்மிகுந்த பாறைநரம்பும் அப்பெயரே பெற்றது. அதன்மேல் எழுந்த சுரங்கம், குடியிருப்பு, இரயில் நிலையம் யாவும் அதனையே ஏற்றன.

அச்சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழத்தையும் கடந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் வந்த நம் முன்னோர், வெப்பத்திலும் பாறை வெடிப்பிலும் உயிரைப் பணயம் வைத்து அதனுள் இறங்கினர். எடுத்த பொன் அவர்களுடையதன்று. பிறர்க்காகவே களம் புகுந்தனர். அச்சொல்லின் பழம்பொருளுக்கு இவர்களினும் உரியார் யாவர்?

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பெயர்ப்பலகை மட்டும் நிலையத்தில் நிற்கின்றது. காலை வண்டியில் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகள் அதனை நாள்தோறும் காண்கின்றனர். அது பாறையின் பெயர் மட்டுமன்று, அவர்தம் பாட்டனாரின் பட்டமும் ஆகும் என்பதைப் பெற்றோர் எடுத்துரைப்பாராக!