விண்கதிர் வரும் திசை

வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கினதைக் கொண்டல் என்றும், மேற்கினதைக் கோடை என்றும் பெயரிட்டனர் நம் முன்னோர். திசையை அறிந்தால் காற்றின் இயல்பு விளங்கும் என்பது அவர்தம் துணிபு. இருபதாம் நூற்றாண்டில், கண்ணுக்குப் புலனாகாத விண்கதிர்களின் இயல்பும் இவ்வழியிலேயே வெளிப்பட்டது. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

1912ஆம் ஆண்டில் ஆஸ்திரிய அறிஞர் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி, 5,000 மீட்டருக்கும் மேலே சென்றார். உயரே செல்லச் செல்லக் கதிர்வீச்சு மிகுவதைக் கண்டு, அது வானிலிருந்தே வருகிறது என்று நிறுவினார். ஆயின் அக்கதிர்கள் யாவை? ஒளியினத்தைச் சேர்ந்தவை என்றார் அமெரிக்கப் பேராசிரியர் மில்லிகன். மின்னேற்றமுடைய துகள்கள் என்றார் ஆர்தர் காம்ப்டன். இருவரும் நோபெல் பரிசு பெற்ற பேரறிஞர்கள். எனவே வழக்கு கடுமையாயிற்று.

வழக்கைத் தீர்க்கும் வழியை 1930இல் இத்தாலிய இளைஞர் புரூனோ ரோஸி காட்டினார். பூமி ஒரு பெருங்காந்தம். ஒளியைக் காந்தம் வளைக்காது. மின்னேற்றமுடைய துகளை வளைக்கும். நேர்மின் துகள்கள் கிழக்கு நோக்கி வளைவதால் மேற்கிலிருந்து மிகுதியாக வரும். எதிர்மின் துகள்களாயின் கிழக்கிலிருந்து மிகும். ஆகவே இரு திசைகளையும் அளந்தால் போதும்!

அளக்கும் கருவியும் எளியதே. கெய்கர் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அனைத்தும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் எண்ணுமாறு அமைப்பர். அந்நேர்க்கோட்டில் வந்த கதிரே கணக்கில் சேரும். வில்லையில்லாத் தொலைநோக்கி இது.

நிலநடுக்கோட்டை அணுகிய உயர்ந்த இடமே இவ்வாய்வுக்கு ஏற்றது. 1933இல் மெக்ஸிகோ நகரில், காம்ப்டனின் மாணவரான லூயி ஆல்வரெஸ், விடுதி மாடியில் கருவியை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, கிழக்கும் மேற்குமாகத் திருப்பித் திருப்பி அளந்தார். தாமஸ் ஜான்சனும் அங்கே தனியே அளந்தார். மேற்கே சுமார் 10 விழுக்காடு மிகுதி! அவ்வாண்டிலேயே ரோஸியும் எரித்ரியாவின் அஸ்மாராவில் அதனை உறுதி செய்தார். வரும் கதிர்களிற் பெரும்பாலானவை நேர்மின் துகள்கள் என்பது தெளிவாயிற்று. வழிகாட்டிய ரோஸியோ, யூதர் என்ற காரணத்தால் 1938இல் பதவி இழந்து தாய்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அறிவுக்குத் திசை தடையாகாது. மனிதரின் வெறுப்பே தடையாகிறது.

இவ்வரலாற்றின் தொடர்ச்சியை நம் நீலகிரியிலும் காணலாம். உதகையில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்களம் அமைந்துள்ளது. அங்குள்ள 560 சதுர மீட்டர்ப் பரப்புடைய கருவி, வானை 169 திசைகளாகப் பகுத்து, விண்கதிரால் தோன்றும் மியூவான்களை எண்ணுகிறது. 2015 ஜூன் 22 அன்று, கதிரவனிடமிருந்து புறப்பட்ட காந்தப்புயல் பூமியைத் தாக்கியபோது, சுமார் இரண்டு மணி நேரம் அவ்வெண்ணிக்கை திடீரென உயர்ந்தது. பூமியின் காந்தக் கவசம் சிறிது நேரம் தளர்ந்ததே காரணம் என்று ஆய்வாளர் விளக்கினர்.

தொலைவில் வாழும் நம் இல்லங்களின் சிறுவர், விடுமுறையில் உதகைக்குச் செல்லுங்கால் மலர்த் தோட்டத்தோடு இதனையும் நினைவிற் கொள்வார்களாக. பேரறிஞர் இருவரின் வழக்கை முடித்தது, “எத்திசையிலிருந்து?” என்னும் எளிய கேள்வியே. அத்தகைய கேள்விகளைக் கேட்கும் துணிவை நம் மக்களுக்கு வளர்ப்பது நம் கடன்.