வளர்ப்புப் பிள்ளையும் வாசிக்கும் நூலும்

வளர்ப்பெடுத்த பிள்ளைக்கு அதன் பிறப்பு வரலாற்றை எந்த நூலைக் கொண்டு எடுத்துரைப்பது? அமெரிக்காவில் வாலண்டினா வாசன் என்னும் அம்மையார் 1939ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சிறுவர் நூலொன்று இயற்றினார். பின்னர் அத்தகைய குடும்பங்களுக்கெனச் சஞ்சிகைகளும் தோன்றின.

நமது ஏடுகளோ மிக முந்தியவை. மணிமேகலையின் ஆபுத்திரனை நோக்குங்கள். தாய் சாலி தோட்டத்தில் விட்டகன்ற சிசுவுக்கு ஏழு நாள் பசுவொன்று பாலூட்டியது. இளம்பூதி என்னும் அந்தணன் அதனை எடுத்து, மகனெனப் போற்றி, மறை ஓதுவித்தான். வேள்விப் பசுவை அம்மகன் மீட்ட நாளிலோ, பகைத்தோர் அவன் பிறப்பை வசையாக உரைத்தனர். வளர்த்த தந்தையும் கைவிட்டான். மடியிலிருத்தி அன்போடு சொல்லவேண்டிய செய்தி, வைதோர் வாயினின்று வந்தது!

சுந்தரர் கதை வேறு. தெருவில் சிறுதேர் உருட்டிய பிள்ளையை நரசிங்கமுனையரையர் கேட்டுப் பெற்று அரசிளங்குமரனாக வளர்த்தார். ஆயினும் திருமணம் பேசியவர் பெற்ற தந்தையாகிய சடையனாரே. அங்கே ஒளிவு இல்லை.

1707இல் எழுத்தில் வந்த யாழ்ப்பாணத் தேசவழமையும் உறவினரின் சம்மதத்தோடு, மஞ்சள் நீர் அருந்தி, வெளிப்படையாகவே பிள்ளையை ஏற்கச் செய்தது. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை நீதிமன்றத்தின் பொறுப்பாக்கிற்று.

2004 மார்கழிச் சுனாமியின் பின் எமது வாழைச்சேனைப் பகுதியிலும் உறவினர் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் உளர். அத்தகையோர் கையில் நான் முதலிற் கொடுப்பது சுந்தரர் கதையே. ஆபுத்திரன் கதையைச் சற்று வளர்ந்தபின் கொடுப்பேன்.