சூறாவளியும் திருத்தொண்டும்: நியூ ஓர்லியன்ஸ் மீள்குடியேற்றம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

மதநிறுவனங்கள் ஆற்றும் நிவாரணப் பணியை மதிப்பிடுவதில் முற்போக்கு ஆய்வாளரிடையே இரு போக்குகள் நீண்டகாலமாக நிலவி வந்துள்ளன. ஒன்று, அதனை ஆளும் வர்க்கத்தின் சூழ்ச்சியெனக் கூறி ஒரே வசனத்தில் தள்ளிவிடுவது. மற்றது, மனிதாபிமானம் என்ற பொதுச்சொல்லால் அதனைப் போற்றி, அப்பணி நிகழும் சமூக உறவுகளைக் காணாது விடுவது. எமது நாட்டிலே நாவலர் காலந்தொட்டு மிசனரிமாரின் தொண்டு பற்றிய விவாதம் பெரும்பாலும் மதமாற்றம் என்னும் ஒரு வினாவையே சுற்றி வந்தமையும் இக்குறைபாட்டுக்கு ஒரு காரணம் எனலாம். தொண்டர்கள் யாருடைய வேலையை, யாருக்குப் பதிலாக, எந்தச் சொத்துறவின் எல்லைக்குள் நின்று செய்கின்றனர் என்ற வினா அங்கு அரிதாகவே எழுந்தது. இவ்வினாவை முன்வைத்து, கத்ரீனாச் சூறாவளியின் பின் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே கிறிஸ்தவத் தொண்டர் ஆற்றிய பணியை ஈண்டு நோக்குவோம்.

2005 ஓகஸ்ட் 29ஆம் நாள் கத்ரீனா கரை கடந்தது. நகரை அழித்தது காற்றன்று என்பது முதலில் மனங்கொள்ளப்பட வேண்டும். கால்வாய்களின் வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்தமையாலேயே நகரின் நூற்றுக்கு 80 வீதமான பகுதி நீரில் மூழ்கிற்று. அச்சுவர்களை அமைத்தது அமெரிக்க இராணுவத்தின் பொறியியற் படையாகும். அவற்றின் வடிவமைப்பிலே குறைபாடுகள் இருந்தன என்பதை 2006 ஜூன் மாதத்தில் அப்படையே ஒப்புக்கொண்டது. ஆகவே இதனை இயற்கை அனர்த்தம் எனக் குறிப்பிடுவது பொருந்தாது. அதேவேளை, வெள்ளம் வறியோரை மாத்திரமே தேடிச் சென்றது என்று கூறுவதும் மிகையாகும். வெள்ளை நடுத்தர வர்க்கத்தினர் வாழ்ந்த லேக்வியூப் பகுதியும் மூழ்கியது. வர்க்கமும் நிறமும் மிகத் துலக்கமாகத் தொழிற்பட்டது இரு கட்டங்களில்: வெள்ளத்திற்கு முன், வாகனம் உள்ளவர் வெளியேற இல்லாதவர் எஞ்சியபோது, வெள்ளம் வடிந்த பின், யார் திரும்பி வரலாம் என்பது தீர்மானிக்கப்பட்டபோது. தொண்டர்களின் பணி இவ்விரண்டாம் கட்டத்துக்கே உரியது.

அவர்கள் செய்த வேலை யாது? வாரக்கணக்கில் நீருள் நின்ற மரவீட்டின் உட்புறம் முழுவதையும் உரித்தெடுப்பதே முதல் வேலை. சேறு படிந்த மெத்தை, அழுகிய உணவுடன் ஒட்டுநாடாவால் இறுகக் கட்டப்பட்ட குளிர்சாதனப் பெட்டி, ஊறிப்போன வேதப்புத்தகம், குடும்பப் படங்கள் ஆகிய யாவும் வீதியோரத்தில் குவிக்கப்பட்டன. பின்னர் அலவாங்கும் சவளும் கொண்டு சுவர்ப்பலகைகளைப் பெயர்த்து, மரச்சட்டங்கள் தெரியும் வரை உரித்து, பூஞ்சணத்தைச் சுரண்டிக் கழுவினர். கடும் வெக்கையில் முகமூடியும் கையுறையும் அணிந்து செய்யும் இவ்வேலையைக் கூலிக்குச் செய்விப்பதாயின் ஒரு வீட்டுக்குப் பல ஆயிரம் டொலர் செலவாகும். மெதடிஸ்த, பப்டிஸ்ற், கத்தோலிக்க, மெனனைற் எனப் பல சபைகளிலிருந்தும் வந்தோர் இதனை இலவசமாகச் செய்தனர். விடுமுறைக் காலங்களில் மாணவரும், ஏனைய காலங்களில் ஓய்வுபெற்ற தச்சரும் ஆசிரியரும் கமக்காரரும் தேவாலய மண்டபங்களிலே படுத்துறங்கி இவ்வேலையைத் தொடர்ந்தனர்.

இச்சபைகளை ஒரே வார்ப்பில் வைத்து நோக்கலாகாது. தென் பப்டிஸ்ற் சபை 1845இல் அடிமைமுறைப் பிரச்சினையை ஒட்டிப் பிரிந்து தோன்றியது. அடிமைமுறையை ஆதரித்தமைக்காக 1995இலேயே அது முறைப்படி மன்னிப்புக் கோரியது. 1967இல் ரெக்சாசைத் தாக்கிய பியூலாச் சூறாவளியின்போது தொடங்கிய அதன் நிவாரணப் பிரிவு, கத்ரீனாக் காலத்தில் நடமாடும் சமையற்கூடங்கள் மூலம் பெருந்தொகையானோருக்கு உணவு சமைத்தது. மெனனைற் மரபோ வேறு. பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தின் தீவிர அணியினரான மறுஞானஸ்நானக்காரரின் வழிவந்தது அது. ஜேர்மன் விவசாயிகள் போர் பற்றி எங்கெல்ஸ் 1850இல் எழுதிய நூலைப் படித்தோர் இவ்வணியினரின் முன்னோடிகளை அறிவர். 1535இல் மூன்ஸ்ரர் நகர எழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்ட பின்னர், மெனோ சைமன்ஸின் வழிநின்றோர் வாளைக் கைவிட்டனர். பரஸ்பர உதவியைக் கைவிடவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்து மாற்றுச்சேவை செய்த இளைஞரின் அனுபவத்திலிருந்து, 1950இல் கன்சாஸ் மாநிலத்து ஹெஸ்ரன் என்னும் சிற்றூரில் மெனனைற் அனர்த்த சேவை உருவாயிற்று. அயலவரின் களஞ்சியத்தை ஊர்கூடிக் கட்டிக்கொடுக்கும் விவசாயச் சமுதாயத்தின் வழக்கம், முதலாளித்துவ நகரொன்றின் இடிபாடுகளுக்குள் தொடர்ந்து வந்த விதம் தனியாக ஆராயப்படத்தக்கது.

இனி, இவ்வேலையின் சமூகப் பெறுமதியை நோக்குவோம். 2006 ஜனவரியில் நகர முதல்வர் நியமித்த ஆணைக்குழுவின் திட்டம் வெளிவந்தது. தாழ்ந்த பகுதிகளில் மீள்நிர்மாணத்தைத் தற்காலிகமாக நிறுத்துமாறும், போதிய மக்கள் திரும்புவர் என நிரூபிக்காத பகுதிகளைக் கைவிடுவது பற்றி ஆராயுமாறும் அது ஆலோசனை கூறியது. பசுமைவெளியாகக்கூடிய இடங்கள் வரைபடத்தில் பச்சை வட்டங்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. தம் வீடு அவ்வட்டத்துள் இருப்பதைப் பத்திரிகையிற் பார்த்தறிந்த மக்கள் கொதித்தெழுந்தனர். அதன் பின்னர் நகரசபை, சேதமடைந்த வீடுகளைத் துப்புரவாக்கி உரித்து முடிப்பதற்கு 2006 ஓகஸ்ட் 29ஐக் கடைசி நாளாக விதித்தது. தவறின் வீடு இடிக்கப்படும் அபாயம் இருந்தது. ஹூஸ்ரனிலோ அற்லாந்தாவிலோ வாடகை அறையில் இருந்த ஒரு கறுப்பின மூதாட்டிக்கு, தன் வீட்டை உரித்துக் கொடுக்க வந்த இருபது பேர் செய்தது வெறும் துப்புரவுப் பணியன்று. நகரில் அவளுக்கிருந்த உரிமையை அவ்வேலை தற்காலிகமாகவேனும் காத்தது. கீழ் ஒன்பதாம் வட்டாரத்திலே வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக் குடியிருப்போரிலும் அதிகமாயிருந்தனர். வெள்ளையரின் வங்கிகள் கடன் மறுத்த காலத்தில் துறைமுகக் கூலியாலும் வீட்டுவேலைக் கூலியாலும் சேர்த்த சொத்து அது. தொண்டின் முற்போக்கான அம்சத்தை இங்கு நாம் தயக்கமின்றி ஏற்றாக வேண்டும். நூல்வழி மாக்ஸியம் மாத்திரம் கைவரப்பெற்ற சிலர் இவ்வீட்டு உரிமையைக் குட்டி முதலாளித்துவ ஆசை என ஒதுக்கக்கூடும். அவர்களுடன் வாதிட இங்கு இடமில்லை.

ஆயினும் இதே வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2001 ஜனவரியில் புஷ் அரசாங்கம் மதவழி நிறுவனங்களுக்கான தனி அலுவலகமொன்றை வெள்ளை மாளிகையில் திறந்தது. சமூக சேவைகளை அரசின் கையிலிருந்து தேவாலயத்தின் கைக்கு மாற்றும் கொள்கையின் நிறுவன வடிவம் அது. கத்ரீனாவின் பின் வெளிநாடுகள் வழங்கிய நன்கொடையிலிருந்து 66 மில்லியன் டொலர், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் விவகாரங்களைக் கவனிக்கும் பணிக்காக மெதடிஸ்த நிவாரணக் குழுவின் தலைமையிலான கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்னொருபுறம், 2005 செப்டெம்பர் 8ஆம் நாள், அரச ஒப்பந்த வேலைகளில் நடைமுறைக் கூலியை உறுதிப்படுத்தும் டேவிஸ்-பேக்கன் சட்டத்தை ஜனாதிபதி இடைநிறுத்தினார். தொழிற்சங்கங்களின் எதிர்ப்பினால் இரு மாதங்களில் அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இலத்தீன் அமெரிக்கத் தொழிலாளர் பலர் கூலி வழங்கப்படாது ஏமாற்றப்பட்டனர். சூறாவளியாற் சேதமுற்ற எண்ணெய்த் தளங்களைத் திருத்தவென இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 500 ஒட்டுநரும் குழாய்ப் பொருத்துநரும் கடன்பட்டுக் கொண்டுவரப்பட்டு, மிசிசிப்பியிலும் ரெக்சாசிலும் நெரிசலான முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2008 மார்ச்சில் அவர்கள் வேலையை விட்டு வெளிநடப்புச் செய்த வரலாறு எம் வாசகர் அறியவேண்டியதொன்று. கூலியற்ற தொண்டுழைப்பும் குறைகூலி உழைப்பும் ஒரே நகரில் அருகருகே நின்றன. அரசும் ஒப்பந்தக்காரரும் சுமந்திருக்க வேண்டிய மீள்நிர்மாணச் செலவின் ஒரு பகுதியைத் தொண்டர் தம் உடலுழைப்பால் ஏற்றனர் என்பது அவர்களின் நல்லெண்ணத்தைக் குறைப்பதன்று. அந்நல்லெண்ணம் எப்பொறியமைப்புள் பயன்படுத்தப்பட்டது என்பதைக் காட்டுவது.

இதிலும் முக்கியமான ஓர் எல்லையை நாம் கவனித்தல் வேண்டும். உரிப்பதற்கு வீடொன்றைச் சொந்தமாக வைத்திருப்போருக்கே தொண்டர் பெரும்பாலும் உதவ முடிந்தது. வாடகைக்கு இருந்தோரின் வீட்டை வீட்டுக்காரனின் இசைவின்றித் தொட இயலாது. பொதுக் குடியிருப்புகளின் கதவுகள் அரசினால் அடைக்கப்பட்டிருந்தன. அவற்றிற் பல உறுதியான செங்கற் கட்டடங்கள். ஏறத்தாழ 4,500 குடிமனைகள் கொண்ட நான்கு தொடர்மனைகளை இடிப்பதற்கு 2007 டிசெம்பர் 20ஆம் நாள் நகரசபை ஏகமனதாக வாக்களித்தது. வெளியே எதிர்ப்பாளர் மீது மிளகுப்புகை வீசப்பட்டது. நாம் செய்ய முடியாததைக் கடவுள் செய்து முடித்தார் என்ற பொருள்பட லூசியானாவின் காங்கிரஸ் உறுப்பினர் ரிச்சர்ட் பேக்கர் பொதுக் குடியிருப்பு பற்றிக் கூறியதாக 2005 செப்டெம்பரிலேயே செய்தி வந்திருந்தது. தாம் அவ்வாறே சொல்லவில்லை என அவர் பின்னர் விளக்கமளித்தார். சொல் எதுவாயினும் செயல் அதன்படியே நடந்தது. அலவாங்குடன் வந்த தொண்டரின் கடவுளும் குடியிருப்புகளை இடித்தோரின் கடவுளும் ஒரே வேதாகமத்துக்கு உரியவர் என்பதைக் கருத்துநிலை பற்றி ஆராய்வோர் குறித்துக்கொள்ளலாம். புதிதாக வீடு கட்டிய கிறிஸ்தவ அமைப்பான ஹபிற்றாற் 2006இல் மேல் ஒன்பதாம் வட்டாரத்தில் இசைக்கலைஞர் கிராமத்தைத் தொடங்கி 72 வீடுகளை எழுப்பியது. பாராட்டத்தக்கதே. ஆனால் அங்கும் வட்டியற்ற ஈட்டுக்கடனுக்குத் தகுதி காட்டுவது நிபந்தனையாயிற்று. நிலையான வருமானமற்ற கலைஞர் பலர் அவ்வாயிலில் இடறினர்.

றோசா லக்சம்பேர்க் 1905இல் சோசலிசமும் திருச்சபைகளும் பற்றி எழுதியது இங்கு துணைபுரிகிறது. ஆதிக் கிறிஸ்தவரின் பொதுவுடைமை நுகர்ச்சியைப் பங்கிட்டதேயன்றி உற்பத்தியைத் தொடவில்லை என்பது அவரது வாதத்தின் சாரம். உற்பத்திச் சாதனங்கள் தனியார் கையில் இருக்கும்வரை பங்கீடு காலப்போக்கில் பிச்சையாகச் சுருங்கும் என்று அவர் காட்டினார். நியூ ஓர்லியன்ஸில் அதே எல்லை நிலம், குடியிருப்பு என்பவற்றின் வடிவில் வெளிப்பட்டது. ஆயினும் அவரது முடிவை அப்படியே ஒட்டிவிடுதல் முறையன்று. அவ்வெல்லையை மீற முயன்ற இடங்களும் அந்நகரில் இருந்தன.

1841இல் தோன்றி, சுதந்திரக் கறுப்பரும் அடிமைகளும் சேர்ந்து வழிபட்ட திரெமேயிலுள்ள புனித அகுஸ்தீனார் பங்கை 2006 மார்ச்சில் உயர்மறைமாவட்டம் மூடியது. பங்கு மக்கள் எதிர்த்தனர். நிவாரணத்துக்கென வந்திருந்த இளந்தொண்டர் சிலர் குருமனையை ஆக்கிரமித்து வாரக்கணக்கில் உள்ளிருந்தனர். ஏப்பிரலில் பங்கு நிபந்தனையுடன் மீண்டும் ஏற்கப்பட்டது. நகரின் கிழக்கே, 1975இன் பின் அகதிகளாக வந்த வியட்நாமியர் தம் வியட்நாம் அரசி மரியாள் ஆலயத்தை மையமாகக் கொண்டு அரசின் அனுமதிக்குக் காத்திராது திரும்பிக் குடியேறினர். அவர்களின் குடியிருப்பருகே சூறாவளி இடிபாடுகளைக் கொட்டவென முதல்வரின் அவசர ஆணையால் 2006இல் திறக்கப்பட்ட குப்பைமேட்டை எதிர்த்து, முதியோரும் இளைஞரும் ஒன்றாக மறியல் செய்தனர். ஓகஸ்டில் அது மூடப்பட்டது. இவ்விரு இடங்களிலும் கோரிக்கையை எழுப்பியோர் பாதிக்கப்பட்ட மக்களே; வெளியிலிருந்து வந்தோர் அவர்களின் பின் நின்றனர்.

ஏனைய இடங்களில் அலவாங்கின் வேலை முடிந்ததும் கடதாசியின் வேலை தொடங்கியது. மாநில அரசின் வீட்டு உதவித் திட்டம், வீட்டின் முன்னைய சந்தைவிலை, திருத்தச் செலவு ஆகிய இரண்டிற் குறைந்ததையே மானியத்திற்கு அடிப்படையாகக் கொண்டது. கறுப்பினத்தவர் பகுதிகளில் சந்தைவிலை குறைவாகையால், ஒரே அளவு சேதத்துக்கு அவர்கள் குறைந்த தொகையே பெற்றனர். தலைமுறை தலைமுறையாக உறுதி மாற்றாமல் முதுசமாக வந்த வீடுகளில் வாழ்ந்தோர் சொந்தக்காரர் என நிரூபிக்கவே இயலாது அலைந்தனர். 2008இல் தொடுக்கப்பட்ட வழக்கு 2011இல் 62 மில்லியன் டொலர் இணக்கத்துடன் முடிந்தது. 2000ஆம் ஆண்டில் ஏறக்குறைய 14,000 பேர் வாழ்ந்த கீழ் ஒன்பதாம் வட்டாரத்தில் 2010இன் கணக்கெடுப்பின்போது 3,000 பேர்கூட இருக்கவில்லை. தொண்டர்கள் மரச்சட்டம் வரை உரித்துக் கழுவிய வீடுகள் பல, உரியவர் திரும்பாமையால் புல்லேறி நின்று, பின்னர் இடிக்கப்பட்டன.